நாள்பட்ட இரைப்பை அழற்சி: மாத்திரையா, கிருமி ஒழிப்பா, கண்காணிப்பா?

என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பலர் மருத்துவரின் சீட்டைக் கொண்டுவருவதில்லை. தீர்ந்துபோன அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்து, அதை நீட்டி, "இதில் இரண்டு அட்டை கொடுங்கள்" என்கிறார்கள். பெரும்பாலும் அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் அல்லது ஒமிப்ரசோல். எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். சிலர் எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) அறிக்கையையும் எடுத்துக் காட்டுகிறார்கள். "நாள்பட்ட இரைப்பை அழற்சி என்று போட்டிருக்கிறது. மாத்திரையையே தொடரலாமா? கிருமிக்கு மருந்து சாப்பிட வேண்டுமா? வருடா வருடம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்."

கவுன்ட்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. என் வீட்டிலேயே இந்தக் கேள்வியைத் தாமதமாகக் கேட்டோம் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வயிறு எரிகிறதா, இல்லையா என்பதை வைத்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். அந்த அளவுகோல் தவறானது. எரிச்சலுக்கும் இரைப்பைச் சுவரின் நிலைக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. ஓயாத புளியேப்பமும் உப்புசமுமாக அவதிப்படுகிறவருக்குச் சுவர் நன்றாகவே இருக்கலாம். ஒரு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளாதவருக்குச் சுரப்பிகள் பாதி அழிந்திருக்கலாம். எந்த வயிற்று வலிக்கும் ‘அல்சர்’ என்று நாமே பெயர் வைத்துவிடுவது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. அல்சர் என்பது ஓரிடத்தில் விழும் புண். அழற்சி என்பது சுவரில் பரவிக் கிடந்து, ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் வேலை செய்வது.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அழற்சியின் காரணத்தை அது தொடுகிறதா? இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய புண், இரத்தசோகை, புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் குறைக்கிறதா? சீட்டில் எழுதப்படாத செலவு என்ன? எவ்வளவு காலம் நம்மைக் கட்டிப்போடும்?

இவற்றுக்கு விடை சொல்ல இரண்டு தகவல்கள் கையில் இருக்க வேண்டும்: காரணம், கட்டம். காரணம் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான். சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே அமிலம் சுரக்கும் செல்களைத் தாக்கும். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களிடம் இந்த வகை கூடுதலாகத் தென்படுகிறது. வலி மாத்திரைகளாலும் பித்தநீர் மேலேறுவதாலும் வருவது இன்னொரு வகை.

கட்டத்தைப் புரிந்துகொள்ளப் பெலாயோ கொரியா என்ற கொலம்பிய நோயியல் அறிஞர் வகுத்த படிவரிசை இன்றும் உதவுகிறது. முதலில் வெறும் அழற்சி. அடுத்தது சுரப்பிகள் சுருங்கி அழிவது. அறிக்கையில் ‘அட்ரோஃபி’ என்று இருக்கும். அதற்கும் அடுத்து, இரைப்பைச் சுவர் குடலின் சுவரைப் போல மாறுவது. இது ‘இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா’. பிறகு செல்கள் ஒழுங்கு கெடும் ‘டிஸ்பிளாசியா’. கடைசியில்தான் புற்றுநோய். பெரும்பாலோர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘மெட்டாபிளாசியா’ என்ற சொல்லைப் பார்த்த அன்றே சாப்பாட்டை வெறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று நாடு முழுவதும் உள்ள பயாப்சி (சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) பதிவுகளை வைத்துக் கணக்கிட்டது. ஆண்டுக்குப் புற்றுநோய் வந்தவர்கள், அட்ரோஃபி உள்ளவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர். மெட்டாபிளாசியா உள்ளவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர். லேசான அல்லது நடுத்தர டிஸ்பிளாசியா என்றால் ஆறு பேர். கடுமையான டிஸ்பிளாசியா என்றால் அறுபது பேர். அதாவது ஒரே ‘அழற்சி’ என்ற சொல்லுக்குக் கீழே அறுபது மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. பயாப்சி எடுக்காமல், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிய அறிக்கை இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

## வழி 1: அமிலம் குறைக்கும் மாத்திரை மட்டும்

இந்த மாத்திரைகளைக் குறைத்துப் பேச மாட்டேன். 1988இல் ஒமிப்ரசோல் சந்தைக்கு வந்தபின் வயிற்றுப் புண்ணின் கதையே மாறியது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவர், மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போட்டே ஆக வேண்டியவர், அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணானவர் ஆகியோருக்கு இதுவே சரியான வழி. அவர்கள் எதையோ படித்துவிட்டுத் தாமாக நிறுத்தினால் இரத்தப்போக்கில் போய் முடியலாம்.

ஆனால் காரணம் கிருமி என்றால், இந்த மாத்திரை எரிச்சலை அடக்குமே தவிரக் கிருமியை ஒழிக்காது. அழற்சி அப்படியே தொடரும். கிருமி இருக்கும்போது நீண்ட காலம் அமிலத்தை அடக்கினால் அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மேலே, அமிலம் சுரக்கும் நடுப்பகுதிக்கு நகர்வதையும் 1990களிலேயே கவனித்திருக்கிறார்கள். அதனால்தான் நீண்ட காலம் இதைச் சாப்பிட வேண்டியவருக்குக் கிருமி இருந்தால் முதலில் அதை ஒழித்துவிடச் சொல்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, மாத்திரையை நிறுத்தியதும் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும்; சில வாரங்களில் அடங்கிவிடக்கூடிய இதை, நோய் திரும்பிவிட்டதென்று எண்ணி மீண்டும் கடைக்கு வருகிறார்கள். இரண்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சோதனை செய்தால் இருக்கிற கிருமியும் இல்லை என்று காட்டும். மூன்றாவது, வைட்டமின் பி12. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும்.

என் அப்பா ஒன்பது ஆண்டுகள் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். என் கடை அலமாரியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எரிச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டார். வேறென்ன வேண்டும் என்று இருந்தோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; அதுவும் பி12ஐக் குறைக்கும். ஒரு மாலை கடைவீதியிலிருந்து திரும்பி வாசல்படியில் நின்றவரின் வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடது கால் செருப்பு தெருமுனையில் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. பாதம் மரத்துப்போயிருந்தது. சர்க்கரையால் வந்த மதமதப்பு என்று சில மாதங்கள் கழிந்தன. பிறகுதான் இரத்தத்தில் பி12 அடிமட்டத்தில் இருப்பது தெரிந்து, எண்டோஸ்கோபி செய்து, சுரப்பிகள் சுருங்கியிருப்பதையும் மெட்டாபிளாசியாவையும் கிருமியையும் ஒன்றாகக் கண்டார்கள். ஊசி போட்டபின் பாதத்தில் உணர்வு திரும்பியது. விரல் நுனிகளில் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இந்த மாத்திரை, மெட்ஃபார்மின், சைவச் சாப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பவர்கள் நம் வீடுகளில் ஏராளம். அவர்கள் ஆண்டுக்கொரு முறை பி12 பார்த்துக்கொள்ள வேண்டும்.

## வழி 2: கிருமியைச் சோதித்து ஒழிப்பது

காரணத்தை நேராகத் தொடும் வழி இது ஒன்றுதான். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தபோது, அமிலம் சுரக்கும் வயிற்றில் கிருமி வாழாது என்று பலரும் மறுத்தார்கள். 1984இல் மார்ஷல் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்து, சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்து, தன் இரைப்பையில் அழற்சி உண்டானதைப் பயாப்சியில் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்திருந்தது.

கிருமி இருந்தால் எல்லாருக்கும் கேடு வருமா? வராது. கிருமி உள்ள நூறு பேரில் வாழ்நாளில் புண் வருவது பத்து முதல் இருபது பேருக்கு. புற்றுநோய் ஒன்று முதல் மூன்று பேருக்கு. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

ஒழித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சீனாவில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஃபூஜியனில் 1,630 பேரை ஏழரை ஆண்டுகள் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தொடக்கத்தில் அட்ரோஃபியோ மெட்டாபிளாசியாவோ இல்லாதவர்களை மட்டும் எடுத்தால், சிகிச்சை பெற்றவர்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. பெறாதவர்களில் ஆறு பேருக்கு வந்தது. சீக்கிரம் ஒழித்தால் பலன் அதிகம் என்று இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் பிந்தியவர்களுக்கு? ஷான்டோங்கின் லின்ச்சூ பகுதியில் 1995இல் தொடங்கிய ஆய்வு விடை தருகிறது. அங்கே இரண்டே வாரம் மருந்து கொடுத்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழுவில் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. கொரியாவில், ஆரம்பக்கட்டப் புற்றுநோயை எண்டோஸ்கோபி வழியாக அகற்றியவர்களுக்குக்கூடக் கிருமியை ஒழித்தபின் மீண்டும் வருவது 13.4 விழுக்காட்டிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. ஆகவே ‘இனிமேல் ஒழித்து என்ன’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மெட்டாபிளாசியா வந்தபின் ஆபத்து குறையுமே தவிர முற்றிலும் நீங்காது.

இப்போது செலவுக் கணக்கு. பதினான்கு நாள், நான்கு வகை மருந்து: அமிலம் குறைப்பது, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளுக்கு மேல் ஆகும். வாயில் செம்புக் காசைச் சப்பியதுபோல ஒரு சுவை நிற்கும். நாக்கும் மலமும் கறுக்கும். பிஸ்மத்தால் வருகிற நிறம் அது, பயப்பட வேண்டாம். மது அறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கூட்டு ஆகாது. ஐந்தாம் நாள் குமட்டுகிறது என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள், ஏனென்றால் அரைகுறைச் சிகிச்சையில் தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அமிலம் குறைக்கும் மாத்திரையோடு கிளாரித்ரோமைசின், அமாக்ஸிசிலின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும் சேர்ந்து ஒரே அட்டையில் வரும் பழைய மும்மருந்துக் கூட்டு, கிளாரித்ரோமைசினுக்குக் கிருமி பழகிவிட்ட இடங்களில் அடிக்கடி தோற்கிறது. அதனால்தான் இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல்கள் நான்கு மருந்துக் கூட்டை முன்வைக்கின்றன.

பலரும் தவறவிடுவது கடைசிப் படியை. மருந்து முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவைத்து, மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். மூச்சுச் சோதனை எளியது: வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையை விழுங்கி, சற்று நேரம் கழித்து ஒரு பையில் ஊதினால் போதும். இரத்தச் சோதனை இதற்குப் பயன்படாது. கிருமி போனபின்னும் அதன் தடயம் இரத்தத்தில் நெடுநாள் இருக்கும்.

இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கிருமி இருக்கும்போது எல்லாருக்கும் இத்தனை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதா என்று தயங்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. மீண்டும் தொற்றவும் கூடும். ஆனால் தெருவில் போகிற ஒருவரைச் சோதிப்பது வேறு. பயாப்சியில் அழற்சி உறுதியாகி, கிருமியும் கண்டுபிடிக்கப்பட்டவர் வேறு. 2015இல் வெளியான, நிபுணர்களின் கியோட்டோ ஒருமித்த அறிக்கை பின்னவருக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது. என் எண்ணமும் அதுதான்.

## வழி 3: எண்டோஸ்கோபிக் கண்காணிப்பு

இது சிகிச்சை இல்லை, காவல். சரியான ஆளுக்கு உயிர் காக்கும். தவறான ஆளுக்குப் பணமும் நிம்மதியும் போகும். ஐரோப்பிய வழிகாட்டுதல் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அட்ரோஃபியோ மெட்டாபிளாசியாவோ பரவியவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறது; பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை. கீழ்ப்பகுதியில் மட்டும் லேசான மாற்றம், குடும்பத்தில் யாருக்கும் இல்லை, கிருமியும் ஒழிந்தது என்றால் தொடர் கண்காணிப்பு தேவையில்லை. வெறும் அழற்சிக்கு வருடா வருடம் குழாய் விட்டுப் பார்ப்பதால் பயன் இல்லை.

எந்த ஊரில் இருக்கிறோம் என்பதும் சேரும். கொரியாவில் நாற்பது வயது தாண்டிய எல்லாருக்கும் இரண்டாண்டுக்கு ஒரு முறை அரசே பரிசோதனை செய்கிறது. அங்கே நோய் அவ்வளவு அதிகம். இந்தியாவில் கிருமி பரவலாக இருந்தும் வயிற்றுப் புற்றுநோய் ஒட்டுமொத்தமாகக் குறைவுதான். ஆனால் மிசோரம் விதிவிலக்கு. சென்னைப் பதிவேட்டிலும் ஆண்களுக்கு வரும் முன்னணிப் புற்றுநோய்களில் வயிறு நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது.

மறைந்திருக்கும் செலவு தரத்தில் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு துணுக்கு எடுத்து அனுப்பிய பயாப்சியை நம்பி மூன்று ஆண்டு நிம்மதியாக இருக்க முடியாது. கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, நடுப்பகுதியில் இரண்டு என ஐந்து இடங்களில் எடுக்க வேண்டும். எந்தத் துணுக்கு எங்கிருந்து வந்தது என்று தனித்தனியாகக் குறிக்கவும் வேண்டும். குழாய் விடுவதற்கு முன்பே இதைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

## வழி 4: சாப்பாடும் கை வைத்தியமும்

மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் மோரும் எரிச்சலுக்கு இதம் தரும். சாப்பிடுங்கள். கிருமியை அவை ஒழிக்காது. மிளகாய் அழற்சியின் காரணம் இல்லை. எரிகிறவருக்கு எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். நீண்ட காலக் கணக்கில் தீங்கு செய்வது உப்பும் புகையிலையும். கருவாடு, ஊறுகாய், உப்புக்கண்டம் ஆகியவற்றைக் குறைப்பதும், பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை விடுவதும் எந்த வழியைத் தேர்ந்தவருக்கும் பொருந்தும்.

முன்னே சொன்ன லின்ச்சூ ஆய்விலேயே பூண்டுச் சத்தையும் வைட்டமின்களையும் வேறு குழுக்களுக்கு ஏழு ஆண்டுகள் விடாமல் கொடுத்தார்கள். ஏழாம் ஆண்டில் சுவரின் நிலையில் முன்னேற்றம் தந்தது இரண்டு வாரக் கிருமி மருந்து மட்டுமே. இருபது ஆண்டு கடந்தபின் மற்ற இரண்டுக்கும் இறப்பைக் குறைத்ததில் பங்கு தெரிந்தது. ஆகவே உணவைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | காரணத்தைத் தொடுகிறதா | நீண்ட கால ஆபத்து | மறைந்த செலவு | காலம் |
|---|---|---|---|---|
| மாத்திரை மட்டும் | இல்லை | புண் குறையும். கிருமியால் வரும் புற்றுநோய் ஆபத்து அப்படியே | பி12 குறைவு, நிறுத்தினால் திரும்பும் அமிலம், சோதனையில் தெரியாமல்போகும் கிருமி | வரம்பில்லை |
| கிருமி ஒழிப்பு | ஆம் | புண், புற்றுநோய் இரண்டும் குறையும் | இரண்டு வார அவதி, மருந்துக்குப் பழகிய கிருமி, மறுசோதனை | பதினான்கு நாள், ஒரு சோதனை |
| கண்காணிப்பு | இல்லை | புற்றுநோயை ஆரம்பத்தில் பிடிக்கும் | பணம், பதற்றம், அரைகுறை பயாப்சி | மூன்றாண்டுக்கு ஒரு முறை |
| உணவு | உப்பு, புகையிலை அளவில் | துணை மட்டும் | தள்ளிப்போகும் சோதனை | வாழ்நாள் |

## யாருக்கு எது

கருஞ்சாந்துபோல மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒப்பீடு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிருமி இருக்கிறது, அட்ரோஃபி இல்லை என்றால் இரண்டாம் வழியை எடுத்து, மறுசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும் விஷயத்தை விட்டுவிடலாம். கிருமியும் பரவிய மெட்டாபிளாசியாவும் இருந்தால் இரண்டும் மூன்றும் சேர்ந்தே வேண்டும். கிருமி இல்லை, நடுப்பகுதிச் சுரப்பிகள் மட்டும் அழிந்திருக்கின்றன, தைராய்டுக் கோளாறும் இருக்கிறது என்றால் உடலே தாக்கும் வகையா என்று கேளுங்கள். அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பி12 தேவைப்படலாம். இரும்புச்சத்து மாத்திரை எத்தனை சாப்பிட்டும் இரத்தம் ஏறாத பெண்களில் சிலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வலி மாத்திரையால் வந்த அழற்சிக்கு, முடிந்தால் அந்த மாத்திரையை நிறுத்துவது முதல் வேலை; முடியாவிட்டால் முதல் வழி. அவர்களுக்கும் ஒரு முறை கிருமிச் சோதனை செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு பெருகும்.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. அப்பாவின் அறிக்கை வந்தபின் அக்காவும் நானும் மூச்சுச் சோதனை செய்துகொண்டோம். அக்காவுக்கு இல்லை. எனக்கு இருந்தது, அதுவரை எனக்கு ஒரு நாளும் வயிறு எரிந்ததில்லை. பதினான்கு நாள் மருந்தை, கடைசி மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, முடித்தேன். ஆறு வாரம் கழித்து மீண்டும் பையில் ஊதினேன். இல்லை என்று வந்தது. அப்பாவுக்கும் கிருமி ஒழிந்துவிட்டது. அவருடைய அடுத்த எண்டோஸ்கோபி வருகிற தையில்.